நெஞ்செலும்பை எடுத்த பிறகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. நடுநெஞ்சில் இருக்கும் தட்டையான எலும்பு, அதாவது ஸ்டெர்னம். அதை எடுத்துவிட்டால் அங்கே என்ன வைப்பார்கள், வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, இருபது வருஷமாகச் சர்க்கரை. பைபாஸ் செய்து பதினைந்தாம் நாள் நெஞ்சுத் தையலில் சீழ் வடிய ஆரம்பித்தது. திரும்ப தியேட்டருக்குக் கொண்டுபோய் எலும்பு அழுகிவிட்டது என்று பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். பத்து நாள் ஒரு மெஷினை மாட்டி வைத்திருந்து, அப்புறம் மார்புச் சதையை நகர்த்தி வைத்துத் தைத்தார்கள். எலும்புக்குப் பதிலாக எதுவுமே வைக்கவில்லை. வெளிநாட்டில் டைட்டானியத்தில் நெஞ்செலும்பு செய்து வைப்பதை என் மைத்துனர் போனில் காட்டி, "உங்களை ஏமாத்திட்டாங்க" என்கிறார். அப்பா சட்டையைக் கழற்றினால் நடுநெஞ்சில் துடிப்பு கண்ணுக்கே தெரிகிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் துடிப்பு இதயத்தின் துடிப்புதான். எல்லாருக்கும் அதே இடத்தில்தான் துடிக்கிறது, முன்னால் எலும்பு மறைத்திருப்பதால் தெரிவதில்லை. உங்கள் அப்பாவுக்கு இப்போது அங்கே எலும்புக்குப் பதில் தசையும் தோலும் இருப்பதால் தெரிகிறது. ஒரு விவசாயிக்கு இதே ஆபரேஷனை நான் செய்தேன். முதல்முறை கட்டைப் பிரித்தபோது அவர் தன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று நெருப்பைத் தொட்டவர் மாதிரி கையை எடுத்துவிட்டார். ஒரு வாரம் ஆனது அவர் மறுபடி அந்த இடத்தைத் தொட. இன்றைக்கு அவர் வயலில் வேலை செய்கிறார். பயப்படுவது இயல்பு, உங்கள் அப்பாவும் பயந்திருப்பார், அவரிடம் பேசுங்கள்.

இரண்டாவது, உங்கள் கடிதத்தில் படித்ததை வைத்துச் சொல்கிறேன், உங்களை யாரும் ஏமாற்றியதாகத் தெரியவில்லை. சீழ் பிடித்த நெஞ்சுக்கு உலகம் முழுக்க எதைச் செய்வார்களோ அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

பைபாஸ் என்றால் நெஞ்செலும்பை மேலிருந்து கீழாக நடுவில் அறுத்துத் திறக்கிறோம். 1957-இல் சிகாகோவில் ஜூலியன் என்ற சர்ஜன் இந்த வழியை எடுத்துச் சொன்ன பிறகு, இதய ஆபரேஷனுக்கு இதுவே வழக்கமாகிவிட்டது. வேலை முடிந்ததும் ஆறேழு ஸ்டீல் கம்பிகளால் இரண்டு பாதியையும் இழுத்துக் கட்டுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் கூடிவிடும். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் உள்ளே ஆழமாகக் கிருமி இறங்கிவிடுகிறது. சர்க்கரை, உடல் பருமன், சிகரெட், நாள்பட்ட இருமல் இதெல்லாம் இருந்தால் வாய்ப்பு கூடும். இன்னொன்று, பைபாஸுக்காக நெஞ்செலும்பின் பின்பக்கம் ஓடும் ஒரு ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் இணைக்கிறார்கள் (இதயத்துக்கு அதைவிட நல்ல குழாய் கிடையாது, அதை எடுத்ததில் தப்பில்லை), ஆனால் நெஞ்செலும்புக்கு ரத்தம் கொடுப்பதும் அதே குழாய்தான். சர்க்கரை உள்ளவருக்கு எலும்பின் ரத்த ஓட்டம் அந்தப் பக்கம் குறைந்துபோனால், புண் ஆறுவது கஷ்டமாகிவிடுகிறது.

ரத்தம் போகாத எலும்புக்கு ஆன்டிபயாடிக்கும் போகாது. ஊசி மருந்து ரத்தத்தில்தானே போகவேண்டும். செத்த எலும்பு உள்ளே இருக்கும்வரை கிருமி அதிலேயே குடியிருக்கும். அதனால்தான் எலும்பைச் சுரண்டி, வெட்டி, ரத்தம் கசியும் நல்ல எலும்பு தெரியும்வரை எடுக்கிறோம். பழைய கம்பிகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறோம். அப்படிச் சுத்தம் செய்த இடத்தில் டைட்டானியத் தகட்டை வைத்தால் என்ன ஆகும்? மிச்சமிருக்கும் நாலு கிருமியும் அந்த உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு பாசி மாதிரி படரும். அப்புறம் அந்தத் தகட்டையும் எடுக்கவேண்டி வரும். உங்கள் மைத்துனர் காட்டியது வேறு நோய்க்குச் செய்தது, அதற்கு அடுத்த கேள்வியில் வருகிறேன்.

அந்த மெஷின் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பல குடும்பங்கள் அதைப் பார்த்துத்தான் மிரண்டுபோகின்றன. கறுப்பு ஸ்பாஞ்சை வெட்டிப் புண்ணுக்குள் வைத்து, மேலே கண்ணாடி மாதிரி ஒட்டும் ஷீட் போட்டு, ஒரு டியூப் வழியாக உறிஞ்சுவார்கள். வழக்கமாக 125 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உறிஞ்சுதல் இருக்கும். சீழ்நீர் வெளியே வந்துகொண்டே இருக்கும், புண்ணின் ஓரங்கள் நெருங்கும், சிவப்பாகப் புதுச் சதை வளரும். ரெண்டு மூணு நாளுக்கு ஒருமுறை ஸ்பாஞ்சை மாற்றவேண்டும். அடியில் இதயம் இருக்கிறதே, அதனால் ஸ்பாஞ்ச் நேராக அதன்மேல் படாதபடி ஒட்டாத வலைத்துணியை இடையில் விரிப்போம். அந்தப் பத்து நாளும் வீண்போன நாட்கள் கிடையாது.

சரி, எலும்பு இல்லாத பள்ளத்தை ஏன் தசையால் மூடவேண்டும்? தசையில் ரத்தம் நிறைய ஓடுகிறது. அது உள்ளே போய் உட்கார்ந்தால் ரத்தம் வருகிறது, ரத்தத்தோடு மருந்தும், கிருமியைத் தின்னும் வெள்ளை அணுக்களும் வருகின்றன. பள்ளம் நிரம்புவதால் சீழ் தேங்க இடமில்லாமல் போகிறது. 1976-இல் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையை மேலே கொண்டுவந்து மூடிக் காட்டினார்கள். 1980-இல் அமெரிக்காவில் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஜர்கிவிச் என்ற பிளாஸ்டிக் சர்ஜனும் அவருடைய குழுவும் மார்புத் தசையை வைத்து மூடும் முறையை எழுதினார்கள். அதற்கு முன் இந்த நோயில் பாதிக்குப் பாதி பேரை இழந்ததாகவே பழைய அறிக்கைகள் சொல்கின்றன. உங்கள் அப்பாவுக்குச் செய்தது அந்த வழியில் வந்த ஆபரேஷன்.

எந்தத் தசையை எடுப்பது என்பதில்தான் எங்கள் மூளை முழுக்க வேலை செய்யும். மார்புத் தசைக்கு ரத்தம் காரை எலும்புக்கு அடியிலிருந்து வருகிறது, ஆகவே நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள குழாயை பைபாஸுக்கு எடுத்திருந்தாலும் அந்தத் தசையை நடுவுக்கு நகர்த்தலாம். ஆனால் அது பெரும்பாலும் நெஞ்சின் கீழ்ப்பகுதிவரை எட்டாது. அங்கே வயிற்றின் நேர்த்தசையைத் திருப்பி மேலே கொண்டுவரலாம். அதிலும் ஒரு சிக்கல், அந்தத் தசைக்கு மேலிருந்து ரத்தம் கொடுப்பது பைபாஸுக்கு எடுத்த அதே குழாயின் தொடர்ச்சி. இடதுபக்கக் குழாய் போயிருந்தால் இடதுபக்க வயிற்றுத் தசையை நம்பமுடியாது, வலதுபக்கம்தான் கதி. இரண்டும் போயிருந்தால் கொழுப்புத் திரைதான். ஆட்டுக்குடல் வாங்கிச் சுத்தம் செய்தவர்களுக்குத் தெரியும், குடல்மேல் வலை பின்னின மாதிரி மெல்லிய கொழுப்பு மூடியிருக்கும். நமக்கும் அது உண்டு. அதை ரத்தக்குழாயோடு மேலே இழுத்து நெஞ்சில் விரித்தால் எந்தச் சந்துபொந்திலும் போய்ப் படியும், கிருமியோடு சண்டை போடுவதில் அதற்கு இணை கிடையாது.

இனி உங்கள் முக்கியமான சந்தேகம். எலும்பே இல்லாமல் மார்பு தொளதொளவென்று ஆகாதா, மூச்சு வாங்காதா? இங்கேதான் பலருக்குக் குழப்பம். வாரக்கணக்கில் சீழ் பிடித்த இடத்தில், எலும்புக்குப் பின்னால் உள்ள சவ்வெல்லாம் தடித்து இறுகிப்போய்விடும், பழைய தோல்வார் மாதிரி. அந்த இறுக்கமே விலா எலும்புகள் இரண்டு பக்கமும் விலகி ஆடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே பெரும்பாலானவர்கள் எலும்பு இல்லாமலேயே மாடிப்படி ஏறுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். முன்பிருந்த மூச்சுத்திறனில் கொஞ்சம் குறையலாம், கையை அகட்டி அழுத்தும் வேலையில் பலம் குறைந்ததாகத் தோன்றலாம். அதை மறைக்க விரும்பவில்லை. மூச்சு இழுக்கும்போது நடுநெஞ்சு நன்றாக உள்ளே போய், விடும்போது வெளியே வந்து, அதோடு மூச்சுத்திணறலும் இருந்தால் மட்டும் சர்ஜனிடம் சொல்லுங்கள். கிருமி முழுக்கப் போய்விட்டது என்று உறுதியான பிறகு தகடு வைப்பதைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

இப்போதைக்கு நீங்கள் செய்யவேண்டியது சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. தையல் பிரித்தவுடன் அதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எனக்கு 41 வயது. நெஞ்சு நடுவில் கல்லு மாதிரி ஒரு வீக்கம், ஒன்றரை வருஷமாக மெதுவாகப் பெரிதாகிறது. வலியும் அதிகமில்லை. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் காண்ட்ரோசார்கோமா என்று வந்திருக்கிறது. நெஞ்செலும்பு முழுவதையும் எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்கவேண்டும் என்கிறார்கள். எடுக்காமல் கரன்ட் வைத்துக் கரைக்க முடியாதா? அந்த டைட்டானியம் தாங்குமா? (வாசகி, மதுரை)

பதில்: அம்மா, கரன்ட் வைத்துக் கரைக்கமுடியாத கட்டிகளில் இது ஒன்று. குருத்தெலும்பிலிருந்து வளரும் இந்தப் புற்றுநோய்க்கு ரேடியேஷனும் கீமோவும் அவ்வளவாக மசியாது. சுற்றிலும் நல்ல சதையையும் எலும்பையும் சேர்த்து முழுதாக வெட்டி எடுப்பதுதான் சிகிச்சை. நெஞ்செலும்பில் தொடங்கும் புற்றுநோய்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். மெதுவாக வளரும் என்பது உங்களுக்குச் சாதகம், ஆனால் அதையே சாக்காக வைத்துத் தள்ளிப்போடாதீர்கள். ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைத்தால் திரும்பி வரும், இரண்டாவது முறை எடுப்பது முதல்முறையைவிடப் பலமடங்கு கஷ்டம்.

எலும்புக்குப் பதில் தகடு எதற்கு என்றால், உங்கள் நெஞ்சு கிருமியே இல்லாத, இறுகாத, இளகிய நெஞ்சு. மேலே எழுதிய தஞ்சாவூர் அப்பாவுக்கு இருக்கும் அந்த இறுகிய சவ்வு உங்களுக்குக் கிடையாது. எலும்பையும் அதோடு ஒட்டிய விலாக்களின் நுனிகளையும் எடுத்துவிட்டால் பெரிய ஓட்டை விழும். 5 சென்டிமீட்டருக்கு மேல் போனால் முன்நெஞ்சில் கெட்டியான ஏதாவது வைப்பது வழக்கம். இல்லாவிட்டால் நீங்கள் மூச்சை இழுக்கும்போது நெஞ்சு உள்ளே அமுங்கும், நுரையீரல் விரியாது, இருமமுடியாது, சளி சேரும், நிமோனியா வரும். அவருக்கு உலோகம் கெடுதல், உங்களுக்கு அதுவே பாதுகாப்பு.

என்னென்ன வைப்பார்கள்? பல வருஷமாக இருக்கும் வழி, பாலிப்ரொப்பிலீன் வலை இரண்டு அடுக்கு, நடுவில் எலும்பு சிமென்ட். மூட்டு மாற்று ஆபரேஷனில் போடுகிறார்களே அதே சிமென்ட், பல்செட் செய்யும் அக்ரிலிக்கும் இந்தக் குடும்பம்தான். மாவு மாதிரி குழைத்து, வலைக்கு நடுவில் தட்டி, நெஞ்சின் வளைவுக்கு வளைத்துப் பிடிக்கவேண்டும். கெட்டியாகும்போது நல்ல சூடு வரும், அதனால் உடம்புக்கு வெளியே, பக்கத்து மேசையில் வைத்து ஆறவிட்டுத்தான் உள்ளே வைப்போம். வலையின் ஓரத்தை நாலாப்பக்கமும் சிமென்ட் இல்லாமல் விட்டு, அதைப் பிடித்து விலா எலும்புகளோடு தைக்கவேண்டும். விலை குறைவு, கைவசம் கிடைக்கும். குறை என்னவென்றால் அது வளைந்து கொடுக்காது. மூச்சுக்கு ஏற்ப நெஞ்சு அசையும், இது அசையாது, சிலருக்கு உள்ளுக்குள் பலகை வைத்த மாதிரி உறுத்தும், சிலருக்கு விரிசல் விடும்.

டைட்டானியக் கம்பித் தகடுகள் அதைவிட லேசு, கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும், விலா எலும்பில் ஸ்க்ரூ போட்டோ கவ்வியோ மாட்டலாம். ஆனால் தட்டையான தகடுகளில் ஸ்க்ரூ காலப்போக்கில் தளர்ந்துபோகும் தொல்லை உண்டு. அதற்காகத்தான் ஸ்பெயினில் சலமங்கா பல்கலைக்கழக மருத்துவமனை சர்ஜன்கள் வேறு வழி தேடினார்கள். நெஞ்சுச்சுவரில் சார்கோமா என்ற வகைப் புற்றுநோய் வந்த 54 வயது மனிதர் ஒருவரின் சிடி ஸ்கேனை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். மெல்போர்னில் அனாடமிக்ஸ் என்ற கம்பெனி அவருடைய நெஞ்சின் அளவுக்கே நெஞ்செலும்பையும் விலா நுனிகளையும் வடிவமைக்க, அந்நாட்டு அரசின் அறிவியல் நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ டைட்டானியப் பொடியை எலக்ட்ரான் கற்றையால் அடுக்கடுக்காக உருக்கி அச்சடித்துக் கொடுத்தது. நடுவில் கெட்டியான தகடு, இரண்டு பக்கமும் விலா போல மெல்லிய கம்பிகள். 2015 செப்டம்பரில் இதை வெளியே அறிவித்தார்கள். அவர் ஆபரேஷன் முடிந்து 12 நாளில் வீட்டுக்குப் போனார். உங்களுக்கு முன் எழுதியவரின் மைத்துனர் போனில் பார்த்தது இந்த மாதிரி ஒன்றாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு அச்சடித்ததுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஸ்கேன் எடுத்து, வடிவமைத்து, செய்து வர நாளாகும், செலவும் கூடும். எந்தத் தகடு என்பதைவிட உங்கள் சர்ஜனிடம் நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. ஓரம் எவ்வளவு விட்டு எடுப்பீர்கள்? ஊசி போட்ட தடத்தையும் சேர்த்து எடுப்பீர்களா? (எடுக்கவேண்டும், அந்தத் தடத்தில் புற்றணு சிந்தியிருக்கலாம்.) தகட்டின் மேல் எந்தத் தசையை வைத்து மூடுவீர்கள், அதைச் செய்ய பிளாஸ்டிக் சர்ஜன் அன்றைக்கே தியேட்டரில் இருப்பாரா? இந்தக் கடைசிக் கேள்வியை அழுத்திக் கேளுங்கள். எவ்வளவு விலையுயர்ந்த தகடாக இருந்தாலும் அதன்மேல் வெறும் தோல் மட்டும் இருந்தால் என்றாவது ஒருநாள் தோல் தேய்ந்து உலோகம் எட்டிப்பார்க்கும். பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் அழகுக்குச் செய்வது என்று நினைத்து, அந்தச் செலவை மட்டும் வேண்டாம் என்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நெஞ்சில் நாங்கள் மூடுவது உயிருக்காக. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்கு முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில் போய்த் தகட்டுக்கும் தசை ஆபரேஷனுக்கும் அனுமதி உண்டா என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டைட்டானியம் துருப்பிடிக்காது. எம்ஆர்ஐ எடுப்பதற்கும் பொதுவாகத் தடையில்லை, ஆனால் எடுக்கும் இடத்தில் உள்ளே உலோகம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

கேள்வி: இறந்தவரின் கண்ணை வைப்பதுபோல் நெஞ்செலும்பையும் வைக்க முடியுமா? (மாணவர், திருநெல்வேலி)

பதில்: முடியும், செய்திருக்கிறார்கள். இத்தாலியில் பாதுவா நகர சர்ஜன்கள் எலும்பு வங்கியில் உறைநிலையில் வைத்திருந்த நெஞ்செலும்பைப் பொருத்தி 2010-இல் எழுதினார்கள். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு வாழ்நாள் முழுக்க எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை வேண்டும், இதற்கு வேண்டாம். பதப்படுத்திய எலும்பில் உயிரணு இல்லை, அது கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி நிற்கும், நோயாளியின் சொந்த எலும்பு மெல்ல அதில் ஏறி வளரும். எலும்பு வங்கி பக்கத்தில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

கேள்வி: என் மாமியாருக்கு பைபாஸ் முடிந்து நெஞ்சில் சீழ் வந்து, தசை வைத்து மூடி, போன வாரம்தான் வீட்டுக்கு வந்தார். உடம்பு கொஞ்சம் கனமானவர். படுக்கையிலிருந்து எழுப்புவதே பெரும்பாடு. என்ன செய்யலாம், என்ன கூடாது என்று ஒரு துண்டுச்சீட்டில் நாலு வரி எழுதிக் கொடுத்தார்கள், புரியவில்லை. (வாசகி, ஈரோடு)

பதில்: அத்தையை இரண்டு கையையும் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். முக்கியமாக அக்குளில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது, நகர்த்தி வைத்த தசை அந்த இழுப்பில் பிய்ந்துகொள்ளும். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள், கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடச் சொல்லுங்கள், காலின் கனம் கீழே இறங்கும்போது நீங்கள் முதுகுக்குப் பின்னால் கைகொடுத்தால் அவரே எழுந்து உட்கார்ந்துவிடுவார். நாற்காலியிலிருந்து எழும்போதும் கையை ஊன்றாமல், முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, கால் பலத்தில் எழவேண்டும்.

இருமல் வந்தால் அடக்கக்கூடாது. சின்னத் தலையணை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமவேண்டும். அந்தத் தலையணை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், இருமல் சொல்லிவிட்டு வராது.

நான் என் நோயாளிகளுக்குச் சொல்வது, எட்டு வாரத்துக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. தண்ணீர்க்குடம், கேஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை மூன்றும் இதில் அடக்கம். பிள்ளையை மடியில் உட்காரவைக்கலாம், குனிந்து தூக்கத்தான் கூடாது. மாவு பிசைவது, துணி பிழிவது, கனமான கதவைத் தள்ளுவது எல்லாம் மார்புத் தசை வேலை, அதுவும் எட்டு வாரம் வேண்டாம். நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும். தலை வாரிக்கொள்ளும் அளவுக்குக் கையைத் தூக்கலாமா என்பதை உங்கள் சர்ஜனிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், எந்தத் தசையை வைத்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

புண்ணிலிருந்து நீர் வடிய வைத்த டியூப் இன்னும் மாட்டியிருந்தால், அதன் குடுவையில் தினமும் எவ்வளவு சேருகிறது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பலர் ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் எடுப்பார்கள். வடிவது திடீரென்று கலங்கலாகவோ நாற்றமாகவோ மாறினால், காய்ச்சல் வந்தால், தையலோரம் சிவந்து சூடானால், திரும்பிப் படுக்கும்போது நெஞ்சுக்குள் டக் டக் என்று சத்தம் கேட்டால், அடுத்த ரிவியூ தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். போன வருஷம் ஒரு அம்மா தையலில் கசிந்த நீரின்மேல் பத்து நாள் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்துவிட்டு வந்தார். பற்றைக் கழுவிய பிறகுதான் அடியில் இருந்த ஓட்டை தெரிந்தது. அந்தப் பத்து நாள் அவருக்கு இன்னொரு ஆபரேஷனாக முடிந்தது.

நிறைய பேர் சொல்லத் தயங்குகிற ஒன்றும் இருக்கிறது. கனமான மார்பகம் உள்ள பெண்களுக்கு, மார்பகத்தின் பாரம் இரண்டு பக்கமும் தையலை இழுத்துக்கொண்டே இருக்கும். நடுநெஞ்சுப் புண் திரும்பத் திரும்பப் பிரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆண் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு அத்தையைப் போன்றவர்கள் வலிக்கிறது என்று பிரா போடாமலேயே இருந்துவிடுகிறார்கள். முன்பக்கம் கொக்கி உள்ள, ஓரத்தில் கம்பி இல்லாத, அகலமான பட்டி வைத்த பருத்தி பிரா ஒன்றை வாங்கி, இரவும் பகலும் போட்டிருக்கச் சொல்லுங்கள். தையல்மேல் உரசாமல் இருக்க உள்ளே மெல்லிய சுத்தமான துணியை மடித்து வையுங்கள். வேர்த்தால் தினமும் மாற்றவேண்டும், அதனால் மூன்றாக வாங்கிவிடுங்கள்.